மஞ்சப்பையில் இருந்த துதிக்கை லை: ஒரு பழைய லோகோவை வெக்டர் ஆக்கிய 11 நாள்

நேற்று சாயங்காலம் 500 மஞ்சப்பையும் பிரிண்ட் காய்ந்து, ஐம்பது ஐம்பதாகக் கட்டி, கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. பழைய பையில் இருந்த லோகோவைக் கணினியில் வெக்டராக, அதாவது எவ்வளவு பெரிதாக்கினாலும் ஓரம் உடையாத கோடுகளாக, மாற்றிக் கொடுப்பதுதான் என் வேலை. "ரெண்டே நாள் வேலை ஐயா, ட்ரேஸ் பண்ணிக் கொடுத்துடறேன்" என்று நான் வாயை விட்ட வேலை 11 நாள் இழுத்தது. அதில் பாதி நாள் நானாகத் தேடிக்கொண்ட சுற்றுவழி. மறப்பதற்குள் வரிசையாக எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடை. இப்போது கடையைப் பார்த்துக்கொள்பவருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும், அவருடைய அப்பா ஆரம்பித்த கடை. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்ததிலிருந்து கட்டைப்பை கொடுத்துக்கொண்டிருந்தார். 2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்த பிறகு அவருக்கும் அப்பா காலத்துப் பை ஞாபகம் வந்திருக்கிறது. பழைய சீட்டுகளைச் சுருட்டி வைத்திருந்த ஒரு பையை உதறி என் மேஜையில் போட்டார். "இதே மாதிரி வேணும் தம்பி. புதுசா எதுவும் செய்ய வேணாம், இதேதான்."

நடுவில் பச்சையில் ஒரு குடம். குடத்தின் கழுத்தில் சிவப்புப் பட்டை. கீழே சிவப்பில் இரண்டு வரி: 'பித்தளைப் பாத்திர' என்று ஒன்று, 'விற்பனை நிலையம்' என்று ஒன்று. கடைப்பெயரை இங்கே எழுதப் போவதில்லை, வம்பு முழுக்க இந்த இரண்டு வரியில்தான். பிரிண்டின் அகலம் 180 மில்லிமீட்டர், எழுத்தின் உயரம் சுமார் 20. தட்டைப் பிரஷ்ஷில் போர்டு எழுதுகிற ஒருவர் போட்ட எழுத்து. அதில் ளை, னை, லை மூன்றும் பழைய வடிவம். முன்னால் இணைக்கொம்பு (ை) கிடையாது, எழுத்தின் தலையிலேயே யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு ஏறி இறங்கும். 1978இல் தமிழ்நாடு அரசு மாற்றிய 13 எழுத்துகளில் இவையும் உண்டு. அதற்கப்புறமும் போர்டு எழுதுகிறவர்கள் பழையபடி எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள், அதனால் பை எந்த வருஷத்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

முதலில் ஸ்கேன். பையைத் திருப்பிப் போட்டு இஸ்திரி போட்டேன். நேராகப் பிரிண்ட் மேல் இஸ்திரிப்பெட்டியை வைத்தால் பழைய மை ஒட்டிக்கொண்டு வந்துவிடும். உள்ளே ஒரு அட்டையைச் செருகி, ஸ்கேனர் மூடியின் மேல் இரண்டு தடிமனான புத்தகம் வைத்து, 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), கலரில். அகலத்துக்குச் சுமார் 4250 பிக்சல் வந்தது. இதுவரை எல்லாம் சரி.

அடுத்ததுதான் இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கட்டம். வழக்கமாக நான் ஸ்கேனைக் கறுப்பு வெள்ளையாக்கி, கான்ட்ராஸ்ட்டை ஏற்றி வேலையை ஆரம்பித்துவிடுவேன். இதில் அது நடக்கவில்லை, மஞ்சள் துணியும் வெளிறிய சிவப்பும் ஒரே சாம்பலாகக் கலந்துவிட்டன. அப்புறம் கிம்ப் என்கிற படம் திருத்தும் மென்பொருளில் டிகம்போஸ் கொடுத்து, சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சேனலையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தேன். பச்சை சேனலில் மஞ்சள் துணி வெள்ளையாகி, சிவப்பு எழுத்து கறுகறுவென்று நிற்கிறது. சிவப்பு சேனலைத் திறந்தால் எழுத்தே காணோம், துடைத்துவிட்ட மாதிரி வெறும் குடம் மட்டும் கறுப்பாக இருக்கிறது. நீல சேனல் முழுக்க இருட்டு, தூக்கிப் போட்டேன். இரண்டு கலர் பிரிண்டுக்கு இரண்டு படம், கையை வைக்காமல் தானாகவே பிரிந்து வந்துவிட்டது. மஞ்சப்பையை ஸ்கேன் செய்கிறவர்கள் யாராக இருந்தாலும் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

துணியின் நெசவும் ஸ்கேனில் விழுந்திருந்தது, ஒரு இழைக்குக் கிட்டத்தட்ட 12 பிக்சல். காஸியன் பிளர் 8 வைத்து அதை மழுக்கிவிட்டு, த்ரெஷ்ஹோல்ட் கொடுத்து, சாம்பலே இல்லாமல் வெறும் கறுப்பு வெள்ளையாக்கினேன். திரையில் பார்க்க ரொம்ப சுத்தமாக இருந்தது. அந்தச் சுத்தத்தைப் பார்த்து ஏமாந்தேன்.

அடுத்து, வெக்டர் வரைகிற இங்க்ஸ்கேப் மென்பொருளில் ட்ரேஸ் பிட்மேப், படத்தின் ஓரத்தைத் தானாகவே கோடாக்குகிற வசதி. உள்ளே வேலை செய்வது பீட்டர் செலிங்கர் எழுதிய போட்ரேஸ், நல்ல சாமான், அதன் மேல் எனக்குக் குறை எதுவும் கிடையாது. எவ்வளவு வெளிச்சம் வரை மை என்று எடுத்துக்கொள்வது என்பதுதான் பிரைட்னஸ் கட்டாஃப், அதை 0.45இல் வைத்து ஒரு தடவை, 0.55இல் ஒரு தடவை. இரண்டாவதில் எழுத்து முழுசாக வந்தது. நோடு, அதாவது கோட்டைப் பிடித்து நிறுத்துகிற புள்ளி, எவ்வளவு என்று பார்த்தேன், எழுத்து இரண்டு வரிக்கு மட்டும் 3900க்கு மேல். பதினேழு எழுத்துக்கு இது அநியாயம். கன்ட்ரோல் எல் அடித்து சிம்ப்ளிஃபை செய்தேன். ஒரு தடவை அடித்தால் குறைகிறது, இரண்டாவது தடவை இன்னும் குறைகிறது, மூன்றாவது தடவை பிரஷ் வெட்டி நிறுத்திய முனையெல்லாம் குளியலறையில் கிடக்கிற சோப்பு மாதிரி உருண்டுபோயிற்று. இரண்டாவதோடு நிறுத்தி, 'துணியில்தானே அடிக்கப் போகிறோம், யார் பார்க்கப் போகிறார்கள்' என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, சிவப்பை மட்டும் ட்ரேசிங் பேப்பரில் லேசர் பிரிண்ட் எடுத்து ஸ்க்ரீன் பிரிண்ட் போடுகிற அண்ணனிடம் கொண்டுபோனேன்.

அவர் ஸ்க்ரீன், அதாவது எழுத்து இருக்கிற இடத்தில் மட்டும் மை இறங்குகிற வலைச்சட்டம், தயார் செய்து ஒரு துண்டு மஞ்சள் துணியில் இழுத்துக் காட்டினார். பேசாமல் துணியை என் பக்கம் திருப்பினார். "என்ன தம்பி, எழுத்துக்கெல்லாம் மீசை முளைச்சிருக்கு?" என்றார். உண்மைதான். நெசவை மழுக்கிவிட்டோம் என்று நான் நினைத்த இடத்தில், பழைய மை துணிக்குள் ஊறிப் பரவிய ஓரம் அப்படியே கோடாகியிருந்தது. அதன் மேல் புது மை போய் இன்னொரு சுற்று பரவியதும், ளை-யின் துதிக்கைக்குள் இருக்க வேண்டிய சின்ன இடைவெளி அடைபட்டு ஒரு சிவப்புக் கட்டியாக உட்கார்ந்திருந்தது. அண்ணன் துணிக்கு வைத்திருப்பது 43டி மெஷ், சென்டிமீட்டருக்கு 43 இழை. அரை மில்லிமீட்டருக்குக் குறைவான சந்து எதையும் இதில் நம்ப முடியாது என்று அன்றைக்குத்தான் அளந்து பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஒரு ஸ்க்ரீன் காலி, 250 ரூபாய்.

இரண்டாவது சுற்றுவழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொருந்துகிற மாதிரி ஒரு தடித்த எழுத்துருவை எடுத்து, அவுட்லைனாக மாற்றி, துதிக்கையை மட்டும் வரைந்து ஒட்டிவிடலாம் என்று பார்த்தேன். என்னிடம் இருக்கிற எந்த எழுத்துருவிலும் பழைய லை இல்லை. ஒட்டியதும் புதுச் சட்டைக்குப் பழைய துணியில் காலர் வைத்த மாதிரி இருந்தது. இரண்டு மணி நேரம் போனதுதான் மிச்சம்.

சரி, கையால்தான் வரைய வேண்டும் என்று முடிவுக்கு வந்தேன். ஸ்கேனை அடி லேயரில் வைத்து 40 சதவீதத்துக்கு மங்கலாக்கிப் பூட்டினேன். எழுத்தின் தலைக்கு ஒரு கோடு, அடிக்கு ஒரு கோடு, பிரஷ்ஷின் தடிமனுக்கு அளவு எடுத்துக்கொண்டேன்: நின்ற கோடு 3.4 மில்லிமீட்டர், படுத்த கோடு 2.7. நான் செய்த ஒரே உருப்படியான காரியம், மை எங்கே முடிகிறது என்று பார்த்து வரையாமல், பிரஷ் எங்கே வைத்து எங்கே எடுக்கப்பட்டது என்று யோசித்து வரைந்ததுதான். த-வில் பிரஷ் இரண்டு தடவை எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. வாலில் அது திரும்பும்போது தடிமன் குறைந்து மறுபடி கூடுகிறது. இதையெல்லாம் பார்க்கப் பார்க்க, வரைந்தவரின் மணிக்கட்டு எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று எனக்கே தோன்ற ஆரம்பித்தது. ஸ்கேனில் ஓரம் நடுங்கினாலும் கோடு நடுங்கக் கூடாது.

நோடு வைப்பதில் ஒரு பழக்கத்தை விடாமல் பிடித்துக்கொண்டேன். வளைவில் எது மேல் உச்சியோ, எது கீழ் உச்சியோ, எது இடக்கோடியோ, வலக்கோடியோ, அங்கே மட்டும் நோடு. நோடிலிருந்து நீண்டு வளைவைத் திருப்புகிற கைப்பிடியை இழுக்கும்போது கன்ட்ரோலை அழுத்திக்கொண்டால் அது நேர்ப்படுக்கையாகவோ நேர்க்குத்தாகவோ நிற்கும். நடுவில் ஆசைக்கு ஒரு நோடு கூடுதலாக வைத்தால் அந்த இடத்தில் ஒரு முண்டு வரும், திரையில் தெரியாது, பெரிதாக அடித்தால் தெரியும். முனை வெட்டப்பட்ட இடங்களில் ஷிப்ட் சி அடித்துக் கூர்முனை ஆக்கினேன். கடைசியில் இரண்டு வரிக்கும் சேர்த்து 312 நோடு. மூவாயிரத்துத் தொள்ளாயிரம் எங்கே, இது எங்கே.

இந்த இடத்தில் கொஞ்சம் புத்திசாலித்தனம் காட்டினேன். இரண்டு வரியிலும் சேர்த்து ப நான்கு தடவை வருகிறது, த நான்கு தடவை, இகரக் கொக்கி நான்கு, புள்ளி ஐந்து, துதிக்கை மூன்று. ஒவ்வொன்றையும் எதற்குத் தனித்தனியாக வரைய வேண்டும்? ஒரு நல்ல ப-வை வரைந்து மற்ற மூன்று இடத்திலும் ஒட்டினேன். த-வும் அப்படியே. கொக்கி, புள்ளி, துதிக்கை எல்லாம் ஒட்டுதான். இரண்டு மணி நேரம் மிச்சம். அதோடு குடத்துக்கும் அதன் கழுத்துப் பட்டைக்கும் நடுவே பழைய பையில் ஒரு மஞ்சள் சந்து தெரிந்தது. ஒரு பக்கம் ஒரு மில்லிமீட்டர், மறுபக்கம் ஒன்றரை. சரிதான், அந்தக் காலத்தில் கலர் விலகி அடித்திருக்கிறார்கள் என்று நினைத்து, அதை மூடி, இரண்டு கலரும் 0.3 மில்லிமீட்டர் ஒன்றன் மேல் ஒன்று ஏறுகிற மாதிரி வைத்தேன். பழைய தவறைத் திருத்திவிட்ட பெருமை வேறு.

ட்ரேசிங் பேப்பரில் சிவப்புக்கு ஒரு தாள், பச்சைக்கு ஒரு தாள். அண்ணன் இரண்டு ஸ்க்ரீன் தயார் செய்து அடித்தார். குடத்தின் வலப்பக்கம் பட்டைக்கும் குடத்துக்கும் நடுவே மயிரிழை மஞ்சள். அண்ணன் அட்டையை நகர்த்திப் பார்த்தார், வலம் சரியானால் இடம் திறக்கிறது. தாள் மேல் சந்தேகம் வந்து, நான்கு மூலையிலும் போட்டிருந்த கூட்டல் குறிகளுக்கு நடுவே ஸ்டீல் ஸ்கேலை வைத்து அளந்தேன். 180 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது சிவப்புத் தாளில் 179.2, பச்சைத் தாளில் 178.6. ட்ரேசிங் பேப்பர் லேசர் பிரிண்டரின் சூட்டில் ஈரம் போய்ச் சுருங்குகிறது. முதல் தாள் பிரிண்டர் ஆறியிருந்தபோது போனது, இரண்டாவது பிரிண்டர் சூடேறிய பிறகு போனது, அதனால் சுருக்கமும் வேறு. 0.6 மில்லிமீட்டர் வித்தியாசத்தை 0.3 மேலேற்றம் எப்படி மூடும்? வெறுந்தாளை ஒரு தடவை பிரிண்டருக்குள் விட்டு எடுத்து, சுருங்க வேண்டியதை முதலிலேயே சுருங்க வைத்து, அப்புறம் அதே தாளில் பிரிண்ட் எடுப்பது நல்லது என்று அண்ணன் சொன்னார். செய்து பார்த்தேன், வித்தியாசம் 0.2க்கு இறங்கியது. ஆனால் அதற்குள் இரண்டு ஸ்க்ரீன் போய்விட்டது, இன்னொரு 500.

சந்து தெரிகிற அந்தத் துணியையே எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன், எழுத்தையாவது காட்டி ஒப்புதல் வாங்கிவிடலாம் என்று. பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கல்லாவின் மேல் விரித்தார். சந்தைப் பார்க்கவே இல்லை. எழுத்தை விரலால் தடவிக்கொண்டே போனவர், "தம்பி, இது யாரோ மிஷின்ல வெட்டின மாதிரி இருக்கே" என்றார்.

"கையாலதான் ஐயா வரைஞ்சேன்."

"ஒரு ப-வைத்தான் வரைஞ்சிருக்கீங்க. மிச்ச மூணும் அதேதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பது வருஷமாகக் குடத்திலும் தாம்பாளத்திலும் பெயர் வெட்டுகிற கை அது. பழைய பையைப் பக்கத்தில் விரித்துக் காட்டினார். பித்தளையில் வருகிற முதல் ப கொஞ்சம் அகலம், வரியைத் தாராளமாக ஆரம்பித்திருக்கிறார்கள். அந்தச் சொல்லின் கடைசியில் வருகிற ப் ஒடுங்கி இருக்கிறது, இடம் பிடிக்க. பாத்திரத்தின் பா-வில் வலக்கால் மேலே ஒரு அரை மில்லிமீட்டர் நீண்டு, துணைக்காலுக்கு இடம் விட்டிருக்கிறது. "பேர் வெட்டும்போது நாங்களும் அப்படித்தான் தம்பி. எத்தனை எழுத்து, எவ்ளோ இடம்னு பாத்துக்கிட்டு ஒவ்வொண்ணையும் இழுத்தோ சுருக்கியோ விடுவோம்." அப்புறம் போகிற போக்கில், "பட்டையைச் சுத்தி ஒரு சந்து இருக்குமே, அதை ஏன் மூடினீங்க?" என்றார்.

"அது அப்ப கலர் விலகி அடிச்சது ஐயா."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. பில்லுலயும் அப்படித்தான் இருந்துச்சு."

பில்லா? பில்லில் ஒரே கலர்தானே இருந்திருக்கும், அதில் எப்படிக் கலர் விலகும்? பழைய பில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். பில் இருக்கிறதா தெரியவில்லை, ஆனால் அச்சுக்கட்டை இருக்கிறது என்றார். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை எட்டாவது நாள் கேட்டிருக்கிறேன்.

மறுநாள் பரணிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒரு பழைய பில் தாளில் சுற்றியிருந்தது. அந்தத் தாளில் போன் நம்பர் மூன்று இலக்கம், ஊர்ப்பெயருக்குப் பின்னால் பின்கோடு இல்லை. பின்கோடு நாட்டில் வந்ததே 1972 ஆகஸ்டில். உள்ளே மரத்தின் மேல் ஆணி அடித்த உலோக பிளாக், 52 மில்லிமீட்டர் அகலம். குடமும் இரண்டு வரியும் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பி நிற்கின்றன. பள்ளமெல்லாம் மை காய்ந்து கல்லாக இருந்தது. மண்ணெண்ணெயும் பழைய டூத்பிரஷ்ஷும் வைத்துப் பத்து நிமிஷம் தேய்த்தேன். கம்பி பிரஷ் போட வேண்டாம், மெல்லிய கோடு போய்விடும்.

பக்கத்து பிரஸ்ஸில் ஒரு விரல் நுனி அளவு கறுப்பு ஆஃப்செட் மை வாங்கி, கண்ணாடித் துண்டின் மேல் ரப்பர் ரோலரால் மெல்லிசாகப் பரப்பி, பிளாக்கின் மேல் ஒரே ஒரு தடவை ஓட்டி, 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பரை வைத்து, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து வெளியே தேய்த்தேன். முதல் மூன்றும் மை அதிகமாகி அடைத்துக்கொண்டன. மை பரப்பிய கண்ணாடியில் ரோலர் ஓடும்போது 'சர்' என்று மெல்லிசாகச் சத்தம் வர வேண்டும், ஈரமாகச் 'சப் சப்' என்றால் மை ஜாஸ்தி. நான்காவது தாள் கத்தி மாதிரி வந்தது.

அதை 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்து, 52ஐ 180க்கு, அதாவது 3.46 மடங்கு பெரிதாக்கி, நான் வரைந்ததன் அடியில் வைத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். நான் 3.4 என்று அளந்து வைத்திருந்த நின்ற கோடு உண்மையில் 2.9. இரண்டு பக்கமும் கால் கால் மில்லிமீட்டர் துணியில் ஊறியது, அதை நான் வரைந்தவர் கணக்கில் எழுதியிருக்கிறேன். துதிக்கைக்குள் நல்ல தாராளமான இடைவெளி. ம-வின் கடைசி வளைவில் பிரஷ்ஷைத் தூக்கும்போது விட்ட ஒரு கூர் முனை, பையில் அது மொட்டையாகத்தான் தெரிந்தது. பட்டையைச் சுற்றிச் சந்து, நான்கு பக்கமும் சமமாக, பெரிதாக்கிய அளவில் 1.4 மில்லிமீட்டர். வரைந்தவர் வேண்டுமென்றே விட்டிருக்கிறார். இரண்டு கலரில் கையால் இழுத்து அடிக்கும்போது அரை மில்லிமீட்டர் இங்கேயும் அங்கேயும் போனாலும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்க அதைவிட மலிவான வழி கிடையாது. மேலேற்றமும் வேண்டாம், சண்டையும் வேண்டாம். நான் அதை மூடி, இல்லாத சிக்கலை விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

அப்புறம் வேலை வேகமாக நடந்தது. நான்கு ப-வையும் தனித்தனியாக பிளாக்கைப் பார்த்துத் திருத்தினேன். புதிதாக வரையவில்லை, ஏற்கெனவே இருந்த நோடுகளையே நகர்த்தினேன், உச்சியில் மட்டும் நோடு வைத்திருந்ததால் அது சுலபமாக இருந்தது. புள்ளி ஐந்தும் வட்டம் கிடையாது, பிரஷ்ஷின் மூலையால் குத்திய சாய்ந்த நாற்கோணம், ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறு. தடிமனில் மட்டும் பிளாக்கின் அளவை அப்படியே வைக்கவில்லை. புது மையும் துணியில் பரவும் என்பதால் 2.9ஐ 2.8 ஆக்கி, துதிக்கைக்குள் இருக்கிற சந்து எங்கேயும் 0.8க்குக் குறையாமல் பார்த்துக்கொண்டேன். மொத்தம் ஆறு மணி நேரம்.

இந்தத் தடவை ட்ரேசிங் பேப்பர் வேண்டாம் என்று தஞ்சாவூரில் ஃபிலிம் எடுத்தேன், தாளுக்கு 130 ரூபாய். அளந்து பார்த்தேன், இரண்டிலும் 180. அண்ணனிடம் கோரல் டிராவின் பழைய வெர்ஷன்தான் இருக்கிறது, இங்க்ஸ்கேப்பின் எஸ்விஜி ஃபைலைக் கொடுத்தால் தாறுமாறாகத் திறக்கிறது. பிடிஎஃப் கொடுத்ததும் ஒழுங்காக வந்தது. கொடுப்பதற்கு முன்னால் ஓரக்கோடு மட்டும் தெரிகிற அவுட்லைன் காட்சிக்கு மாற்றி, எங்கேயாவது நிரப்பிய உருவமாக மாறாமல் வெறும் கோடாகவே நிற்கிறதா, ஒன்றன் மேல் ஒன்று கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன். பச்சை முதலில், காய்ந்ததும் சிவப்பு. கலருக்கு ஒரு பைக்கு 3 ரூபாய் வீதம் 500 பைக்கு 3000, அது கடைக்காரர் நேராக அண்ணனுக்குக் கொடுத்தது. முதல் பையைப் பெரியவர் கையில் கொடுத்தபோது விரலால் தடவிக்கொண்டே போய் னை-யில் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை, மடித்துக் கல்லாவுக்குள் வைத்துக்கொண்டார்.

என் கணக்கு இது. வாங்கியது 1500. போனது மூன்று ஸ்க்ரீனுக்கு 750, ட்ரேசிங் பேப்பர் பிரிண்ட் ஆறு தாளுக்கு 90, ஃபிலிம் 260, ஆக 1100. மிச்சம் 400. உட்கார்ந்த நேரம் 27 மணி, மணிக்கு 15 ரூபாய்கூட வரவில்லை. தஞ்சாவூர் பஸ் காசை நான் இதில் சேர்க்கவில்லை, சேர்த்தால் இன்னும் அசிங்கமாக இருக்கும்.

இனிமேல் இப்படி ஒரு வேலை வந்தால், கணினியைத் திறப்பதற்கு முன்னால் பில், லெட்டர் பேட், கல்யாணப் பத்திரிகை விளம்பரம், ரப்பர் ஸ்டாம்ப், அச்சுக்கட்டை என்று வீட்டுப் பரணையே கேட்டுவிடுவேன். துணியில் அடித்ததை மட்டும் வைத்து வரைய வேண்டி வந்தால், ஓரத்துக்குக் கால் மில்லிமீட்டர் ஊறியிருக்கும் என்று கழித்துக்கொண்டுதான் ஆரம்பிப்பேன். தானியங்கி ட்ரேஸை முழுக்க விடமாட்டேன், கட்டாஃப் மாற்றி மாற்றி இரண்டு மூன்று ட்ரேஸ் எடுத்து அடியில் வைத்துக்கொண்டால் மை எவ்வளவு பரவியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். ஆனால் பிரிண்டுக்கு அதை அனுப்பமாட்டேன். எழுத்தை ஒட்டுவது தட்டச்சு எழுத்துக்கு ஆகும், பிரஷ் எழுத்துக்கு ஆகாது. விலையும் 1500 சொல்லமாட்டேன்.

வேலை இன்னும் முழுசாக முடியவில்லை. கடை வாசல் கண்ணாடியில் வினைல் ஒட்ட இதே ஃபைலைக் கேட்டார்கள், கொடுத்தேன். அவுட்லைனில் நான் பார்த்ததெல்லாம் சிவப்பு லேயரை மட்டும்தான், பச்சையைத் திறக்கவே இல்லை. குடத்தின் கழுத்தும் வயிறும் இரண்டு உருவமாக ஒன்றன் மேல் ஒன்று கிடந்திருக்கின்றன. ஒரே கலர் என்பதால் ஸ்க்ரீன் பிரிண்ட்டில் தெரியவில்லை, வினைல் வெட்டுகிற பிளாட்டரின் கத்தி மட்டும் அந்த இடத்தில் குறுக்கே ஒரு கோடு கிழித்துவிட்டது. இரண்டையும் ஒரே உருவமாக்குகிற யூனியன் கொடுத்துச் சரிசெய்துவிட்டேன். விசிட்டிங் கார்டுக்கு 30 மில்லிமீட்டர் அகலத்தில் ஒன்று வேண்டுமாம். அந்த அளவில் துதிக்கைச் சந்து 0.13க்கு வந்துவிடுகிறது, ஆஃப்செட் என்றாலும் அடைத்துக்கொள்ளும். அதற்கு எழுத்தைக் கொஞ்சம் மெலிய வைத்து, புள்ளியைப் பெரிதாக்கி, தனியாக ஒரு வடிவம் வரைய வேண்டும். பிளாக்கைத் துடைத்து, துளி எண்ணெய் தடவி, அதே பில் தாளில் சுற்றி வைத்திருக்கிறேன், அது முடிந்ததும்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும்.